'இன்னுமா பார்க்கவில்லை?' என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நல்ல படங்களையெல்லாம் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்ட பெருமக்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 1953 நவம்பரில் வெளியான படம். கணக்குப் பார்த்தால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான தாமதம். மறுநாள் வாய் சும்மா இருக்காமல் உங்களில் ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றும் என்று எதிர்பார்த்தேன், தோன்றியது இரக்கம். "இவ்வளவு காலம் இதைப் பார்க்காமலா இருந்தீர்கள்?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் இரண்டாவது கேள்வி வந்தது: "சரி, எந்த இடத்தில் அழுதீர்கள்?"

இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. நேரில் சொல்ல முயன்றால் பாதியில் புகுந்து உங்களுக்குப் பிடித்த காட்சியை விவரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தாமதம் பற்றி. இந்தப் படத்துக்கு யார்தான் நேரத்துக்கு வந்தார்கள்? படம் வெளியான ஆண்டில் ஜப்பானின் 'கினெமா ஜுன்போ' இதழ் வழக்கம்போல் விமர்சகர்களின் வாக்குகளைத் திரட்டி அந்த ஆண்டின் சிறந்த படங்களை வரிசைப்படுத்தியது. 'டோக்கியோ ஸ்டோரி'க்குக் கிடைத்தது இரண்டாம் இடம். முதலிடம் பெற்ற படத்தின் பெயரை உங்களில் எத்தனை பேரால் சட்டென்று சொல்ல முடியும்? தடாஷி இமாயின் 'நிகோரியே'. நானும் தேடித்தான் தெரிந்துகொண்டேன். சுடச்சுடப் பார்த்தவர்கள் கொடுத்த தீர்ப்பு அது. அவர்களைக் குறை சொல்லவில்லை. 'நிகோரியே' அதற்குத் தகுதியான படமாகவே இருக்கலாம். அதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. தயவுசெய்து எதுவும் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டினருக்கு இது புரியாது, மிதமிஞ்சி ஜப்பானியத்தனமாக இருக்கிறது என்று எண்ணி அதை வெளியே அனுப்பவே தயங்கினார்கள். லண்டன் திரைப்பட விழா வழியாக 1958இல் முதல் சதர்லண்டு விருது இதற்குக் கிடைத்தது. நியூயார்க்கில் திரையரங்குக்கு முறையாக வந்து சேர்ந்தபோது 1972 ஆகிவிட்டது. ஓசு 1963இலேயே, தம்முடைய 60ஆவது பிறந்தநாளன்று, போய்ச் சேர்ந்திருந்தார். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களைக் கேட்டு வாங்குகிறதே, அந்தப் பட்டியலின் முதல் பத்துக்குள் இது நுழைந்தது 1992இல்தான். அதே இதழ் 2012இல் இயக்குநர்களிடம் தனியாக நடத்திய வாக்கெடுப்பில் 358 பேர் வாக்களித்து இதை முதலிடத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வர 59 ஆண்டுகள். உலகமே நொண்டி நொண்டி வந்து சேர்ந்த வீட்டுக்கு நான் மட்டும் பிந்தி வந்துவிட்டேன் என்று வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் இதற்குமுன் இரண்டு முறை இந்தப் படத்தின் கதவைத் தட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் உள்ளே போகவில்லை.

முதல் முறை எனக்கு வயது 22. நண்பர் ஒருவர் குறுந்தகடு கொடுத்து, பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். படம் தொடங்குகிறது. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரில் வயதான கணவனும் மனைவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட மூட்டை கட்டுகிறார்கள். ரயிலில் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு காற்றுத் தலையணை வேண்டும். அதைக் காணவில்லை. உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். இங்கே இல்லை, உங்களிடம்தான் இருக்கும் என்கிறார் அவர் மனைவி தோமி. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். தேடல் தொடர்கிறது. உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்று சொல்லிக் கொடுக்கப்பட்டதில் இரண்டு கிழவர்கள் தலையணை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருபது நிமிடம் பொறுத்தேன். பிறகு அணைத்துவிட்டு, பார்த்தேன் பிரமாதம் என்று அவரிடம் பொய் சொன்னேன். உங்கள் கேள்விகள் எங்களைப் பொய்யர்களாக்குகின்றன என்பதையும் இந்த இடத்தில் பதிவுசெய்கிறேன்.

இரண்டாவது முறை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு நண்பரின் வீட்டில். அவர் ஏற்கெனவே நான்கு முறை பார்த்தவர். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டி தன் சின்னப் பேரனைப் புல்மேட்டுக்கு அழைத்துப் போகும் காட்சி வந்தது. நீ பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய், அப்பாவைப்போல டாக்டரா, நீ டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்று பாட்டி சொல்கிறார். பையன் காதில் வாங்காமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். நண்பர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்! அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல. என்ன செய்வேன்? புருவத்தைச் சுருக்கி, மூச்சை இழுத்துவிட்டு, நெகிழ்ந்துபோனவனைப்போல் நடித்தேன். அவருக்குத் திருப்தி. அதற்குப்பின் வந்த எந்தக் காட்சியும் எனக்குள் இறங்கவில்லை. அடுத்து எந்த இடத்தில் திரும்புவார் என்ற கவலையிலேயே நேரம் போனது. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இந்த வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. பக்கத்தில் உட்காருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுத்தை மட்டும் திருப்பாதீர்கள்.

அழுகை பற்றியும் இங்கேயே பேசிவிடுகிறேன். 'கடைசி அரைமணி நேரத்துக்குக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் உங்கள் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றின் சாரம். அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவன் கதையைப் பின்தொடர்வதில்லை. தன்னைத் தானே வேவு பார்க்கிறான். இப்போதா, இதுதானா, இன்னும் வரவில்லையே, எனக்கு ஈரமே இல்லையோ? பெரியவர்களும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறார்கள். லியோ மெக்கேரி 1937இல் எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ' என்ற படத்தைப் பற்றி அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ், அது கல்லையும் அழவைத்துவிடும் என்று சொன்னார். கல்லே அழும் என்றால், அழாமல் உட்கார்ந்திருக்கும் மனிதன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வது? அதுவும் பிள்ளைகளின் வீடுகளில் இடமில்லாமல்போகும் வயதான தம்பதியின் கதைதான். ஓசுவோடு சேர்ந்து 'டோக்கியோ ஸ்டோரி'யை எழுதிய கோகோ நோதா அதைப் பார்த்திருந்தார். இந்தக் கதைக்கு விதை அங்கிருந்து வந்தது. அந்தப் படமும் வெளிவந்தபோது ஓடவில்லை. அதே ஆண்டில் எடுத்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக மெக்கேரிக்கு ஆஸ்கர் கொடுத்தபோது, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னவர் அவர். தாமதமாக மதிக்கப்பட்ட ஒரு படத்திலிருந்து முளைத்தது தாமதமாக மதிக்கப்பட்ட இன்னொரு படம். நான் ஒரு மரபைத்தான் பின்பற்றியிருக்கிறேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது எனக்கு 47 வயது. சென்ற ஞாயிறன்று வீட்டில் யாரும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். காற்றுத் தலையணைத் தேடல் வந்தது. உன்னிடம்தானே கொடுத்தேன் என்று கொஞ்சம் அதிகாரத்தோடு சொன்ன அந்தப் பெரியவர், தம் பையைத் துழாவி, "ஆ, இருக்கிறது" என்கிறார். அவரிடமேதான் இருந்திருக்கிறது. மனைவி எதுவும் சொல்லிக் குத்திக்காட்டுவதில்லை. கிடைத்துவிட்டதா என்பதோடு சரி.

அந்த இடத்தில் அழுதேன்.

ஆமாம், படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிரியவில்லை. உங்கள் பட்டியல் எதிலும் அந்தக் காட்சி இருக்காது. ஏன் அங்கே என்று விளக்கச் சொன்னால், என் பெற்றோர் தேடிய பொருட்களின் பட்டியலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்: கண்ணாடி, பூட்டின் சாவி, மாத்திரைச் சீட்டு, வங்கிப் புத்தகம். 22 வயதில் எனக்கு அது நேரத்தை வீணாக்கும் காட்சி. காரணம், அப்போது என் வீட்டிலும் அது தினமும் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருப்பதைத் திரையில் பார்க்க யார் மெனக்கெடுவார்கள்? இன்று அப்பா இல்லை. தேடும் பேச்சில் ஒரு குரல் குறைந்துவிட்டது. பொருள் இப்போதும் தொலைகிறது. அம்மா யாரையும் குற்றம் சாட்டாமல் தேடிக்கொள்கிறார்.

கைக்குட்டை சொல்லி அனுப்பிய கடைசி அரைமணி நேரத்தில் என் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை. அதில் எனக்கு வேறு வேலை இருந்தது.

என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். படம் பார்க்கும் எல்லோரும் செய்வதுதான். 22 வயதில் பார்த்திருந்தால் நான் யார் பக்கம் நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியும்: கடைசிப் பெண் கியோகோ. அம்மா இறந்த கையோடு அண்ணன்களும் அக்காவும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனதைக் கண்டு கொதிப்பவள் அவள். போரில் இறந்த அண்ணனின் மனைவி நொரிகோவிடம் அவள் பொருமுகிறாள். வாழ்க்கை ஏமாற்றமாக இல்லையா என்று கேட்கிறாள். ஆமாம் என்று நொரிகோ சிரிக்கிறாள். நொரிகோவாக நடித்த செட்சுகோ ஹராவின் அந்தச் சிரிப்பைப் பற்றி நீங்கள் எழுதிக் குவித்திருப்பவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் படத்துக்கே போனேன். நான் வேறு எதுவும் சேர்க்கப்போவதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஷிகேயை.

ஷிகே, சிகையலங்காரக் கடை நடத்தும் மூத்த மகள். கணவர் அம்மா அப்பாவுக்கு நல்ல கேக் வாங்கி வந்தால், இவ்வளவு விலையில் எதற்கு என்று கடிந்துவிட்டுத் தானே ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறவள். கடையில் ஒருவர், யார் அந்தப் பெரியவர்கள் என்று கேட்க, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறவள். அண்ணனோடு சேர்ந்து பணம் போட்டு, வீட்டில் இடைஞ்சலாக இருக்கும் பெற்றோரை அதாமி கடற்கரை விடுதிக்கு அனுப்பிவைக்கிறவள். அங்கே இரவெல்லாம் மாஜோங் என்ற காய் ஆட்டமும் பாட்டும் கூச்சலும். தூங்க முடியாமல் மறுநாளே திரும்பி வந்தால், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள், இன்றிரவு இங்கே எனக்குக் கூட்டம் இருக்கிறதே என்கிறாள். கடைசியில் வீடற்றவர்களாகிவிட்டோம் என்று அந்தப் பெரியவர் சொல்கிறார், சிரித்துக்கொண்டே. அம்மாவுக்கு உடல்நிலை மோசம் என்று தந்தி வந்ததும், துக்க உடையை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்து, எதற்கும் எடுத்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பவளும் அவள்தான். அம்மா இறந்ததும் வாய்விட்டு முதலில் அழுபவளும் அவள். அந்த அழுகை காய்வதற்குள் அம்மாவின் கிமோனோவைக் கேட்பவளும் அவள்.

நீங்கள் எல்லோரும் அவளைக் கெட்டவளாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கொடுமைக்காரி இல்லை. அவளுக்குக் கடை இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள், கூட்டம் இருக்கிறது. தன் பெற்றோர்மேல் அவளுக்கு இருக்கும் அன்பு, நேரம் கிடைக்கும்போது வெளியே எடுக்கலாம் என்று உள்ளே வைத்த பொருளைப்போல் இருக்கிறது. பயணத்துக்கு மூட்டை கட்டும்போது நடக்கக்கூடியது எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகக் கட்டுவது நானும் செய்வதுதான். துக்க உடை கொண்டுவர மறந்தவர்கள்தான் நல்லவர்கள் என்று 22 வயதில் எனக்குத் தோன்றியிருக்கும். இப்போது தோன்றவில்லை.

நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதாமிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அதிர்ந்தது. அம்மா. மேசைமேல் கவிழ்த்துவைத்தேன். படம் முடிந்து கூப்பிடலாம், இந்தக் காட்சியை இப்படி அறுக்கக் கூடாது என்று நினைத்தேன். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு கடலோரச் சுவரில் அந்த இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எழும்போது தோமிக்குத் தலை சுற்றுகிறது. நான் பெற்றோருக்கு நேரம் ஒதுக்காத பிள்ளைகளைப் பற்றிய படத்தில் மூழ்கியிருந்ததால் என் அம்மாவுக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. அப்போது இது உறைக்கவில்லை. உறைத்தபோது மணி பதினொன்றரை, அம்மா தூங்கியிருப்பார்.

நியாயமாக உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றே பார்த்தவர்களுக்குக் கிடைத்த ஒன்று எங்களுக்குக் கிடைக்காது. 1953இல் அந்தத் திரையரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போர் முடிந்து எட்டே ஆண்டுகள். நொரிகோவின் ஒற்றை அறையில் இறந்த கணவனின் புகைப்படம் வைத்திருப்பதைக் கண்டதும் தங்கள் வீட்டு அலமாரியை நினைத்துக்கொண்டவர்கள் அந்த இருட்டில் எத்தனை பேரோ. சுற்றுலா பஸ்ஸின் ஜன்னலில் நகர்ந்துபோகும் டோக்கியோ எனக்கு ஒரு பழைய நகரம். அவர்களுக்கு, எரிந்து சாம்பலாகி மறுபடி எழுந்துகொண்டிருந்த சொந்த நகரம். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, தெரியும். நான் பார்த்த பிம்பமும் அவர்கள் பார்த்ததன் நகலுக்கு நகல்தான். மூல நெகட்டிவ் அந்தக் காலத்திலேயே தீயில் போய்விட்டது. மிஞ்சிய பிரதிகளிலிருந்து துடைத்துத் துலக்கி எடுத்ததைத்தான் இன்று பார்க்கிறோம்.

தொல்லை கொடுக்கும் உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த மிஞ்சிய பிரதிகளையும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. பார், பார் என்று ஆட்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்த சிலரால்தான் இந்தப் படம் ஒனோமிச்சியிலிருந்து என் வீட்டுத் திரைவரைக்கும் நடந்து வந்திருக்கிறது. அதற்கு நன்றி. உலுக்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. "நான் பார்த்தபோது எனக்கு இன்ன வயது, எனக்கு அப்போது இன்னது நடந்துகொண்டிருந்தது" என்று சொல்லி உலுக்குங்கள். அதைக் கேட்டால் எங்களுக்கு ஆசை வரும். 'இன்னுமா?' என்று கேட்டால் பயம்தான் வருகிறது.

(படம் முடிந்த ஐந்தாவது நொடியில் அடுத்த படத்தைத் தொடங்கிவிடும் ஓடிடி நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். அந்தப் பெரியவர் காலியான வீட்டில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் அதே ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். தனியாக இருந்தால் பொழுது மிக நீளமாக இருக்கும் என்கிறார் பெரியவர். ஒரு படகு போகிறது. உடனே திரையின் மூலையில் ஒருவர் துப்பாக்கியோடு தோன்றி 5, 4, 3 என்கிறார். மகா பாவம்.)

இன்னொன்று. 22 வயதில் நான் அந்தக் குறுந்தகட்டை முழுதாகப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'பார்த்தாகிவிட்டது' என்ற பெட்டியில் போட்டு மூடியிருப்பேன். அந்தப் பெரியவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான், எழுபது வயதுக்காரராக எப்படி நடித்திருக்கிறார் பாருங்கள் என்று சபைகளில் பேசியிருப்பேன். கேமரா 136 நிமிடத்தில் ஓரிரு இடங்களில்தான் அசைகிறது என்று எண்ணிச் சொல்லியிருப்பேன். 47 வயதில் மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்குமா? உங்களில் சிலர் இருபது வயதில் பார்த்த படங்களை அதற்குப்பின் தொட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் படங்களைப் பற்றி உங்களிடம் இருப்பது இருபது வயதுக்காரரின் கருத்து. அதை ஐம்பது வயதுக் குரலில் சொல்கிறீர்கள். ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள். யாரும் உங்களை 'மறுபடியுமா?' என்று கேட்க மாட்டோம்.

திங்கட்கிழமை காலை அம்மாவை அழைத்தேன். நேற்று ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜப்பான் படம், பழையது. என்ன கதை என்றார். சுருக்கமாகச் சொல்லத் தொடங்கி, அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே போனேன். உங்களைச் செய்யாதீர்கள் என்று மேலே சொன்ன குற்றங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். தலையணை தேடியது, பிள்ளைகள் வீடு, அதாமி, தலைசுற்றல், தந்தி, விசிறி. எந்த இடத்தில் அழுகை வரும் என்றும் சொன்னேன். முடிவையும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் பேச்சில்லை. அழுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். முகத்தைப் பார்க்க முடியாததால், மூச்சைக் கவனித்தேன்.

அம்மா கேட்டார்: "அந்தத் தலையணை கிடைத்ததா இல்லையா?"

"கிடைத்தது. அவருடைய பையிலேயேதான் இருந்தது."

"அங்கேதான் இருக்கும்" என்றார்.

இப்படிக்கு,
தாமதமாக வந்த ஒருவன்